என் தொட்டியில் டீசல் வாடை

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்று நடை தார்க்கலவை. கடைசி நடையைக் கொட்டியதும் சூப்பர்வைசர் டயர்மேல் ஏறி, என் டிப்பரின் தொட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார்.

"டீசல் அடிச்சிருக்கே."

சோப்புத் தண்ணீர்தான் அடிக்கிறேன் என்றேன். "அப்புறம் ஏன் உன் லோடு விழுந்த இடமெல்லாம் ரோலர் ஏறினா சேறு மாதிரி குழையுது?" என்றார். கலவை தொட்டியில் ஒட்டாமலிருக்க அந்தக் காலத்தில் எல்லோரும் டீசல்தான் தெளிப்பார்கள். தார் கரைந்து ரோடு கெட்டுப்போகிறதென்று இப்போது தடை. இன்னொரு தடவை மாட்டினால் சாவியை வாங்கிக்கொள்வாராம்.

கொஞ்ச நாளாகவே கலவை வழுக்கிக்கொண்டு விழுகிறது, மண்வெட்டியால் சுரண்ட வேண்டியதே இல்லை. என் சோப்புத் தண்ணீரின் மகிமை என்று வேறு நினைத்திருந்தேன். மடையன்.

நான் அடிக்கவில்லை. அப்போ யார்?

மார்ச் 4

காலையில் போனதும் மோந்து பார்த்தேன். அடித்திருக்கிறார்கள். முழுத் தொட்டியையும் கழுவி முடிப்பதற்குள் லோடு எடுக்கும் வரிசையில் கடைசி ஆளாகிவிட்டேன். முதலில் நின்றவன் சுருட்டை. என் வண்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிறவன். புது டிப்பரை எனக்குக் கொடுத்து, ஓட்டை வண்டியை அவன் தலையில் கட்டினார்கள். அந்தக் கடுப்பு இருக்காதா?

"என்ன, இன்னிக்கு வண்டிக்குக் கல்யாணமா, இந்தக் குளிப்பாட்டு குளிப்பாட்டுறே?" என்று சிரிக்கிறான். எதற்குச் சிரிக்க வேண்டும்?

மார்ச் 5

இன்று வாடை இல்லை. அதுதான் சந்தேகமாக இருக்கிறது. நான் உஷாராகிவிட்டது யாருக்கோ தெரிந்திருக்கிறது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனுக்கு நேற்று ராத்திரி வார லீவு. கண் மங்கி ஸ்டியரிங்கை விட்டபிறகு எங்கள் யார்டிலேயே ராத்திரி வாட்ச்மேன். "தோள் எப்படிடா இருக்கு?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

மார்ச் 7

மறுபடி வாடை. மறுபடி கழுவினேன். மதியம் சுருட்டை டீ வாங்கிக்கொண்டு வந்தான். வேண்டாமென்றேன்.

மனைவி சொல்கிறாள்: "நான் போட்ட டீயையே மோந்து பார்த்துட்டுத்தான் குடிக்கிறீங்க. உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

மார்ச் 9

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். காலையில் சுருட்டை என் டயர் பக்கத்தில் கேனும் கையுமாக நின்றான். ரேடியேட்டருக்குத் தண்ணியாம். யார் காதில் பூ சுற்றுகிறான்? நேராக சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். கேனை அவர் மோந்துகூடப் பார்க்கவில்லை. என் வார்த்தை போதும் என்றார்.

மார்ச் 10

சுருட்டையை அனுப்பிவிட்டார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"நீயா சொன்னே?"

ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்காமல் போய்விட்டான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 11

இன்று காலை வாடை.

சுருட்டைதான் இல்லையே?

மார்ச் 13

வெளுக்க ஆரம்பிக்கும்போதே யார்டுக்குப் போய், ரோலருக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

அண்ணன்! முதுகில் ஸ்பிரே பம்பு. என் வண்டியின் ஏணியைக் கையால் தடவித் தடவி ஏறினார். மேலே நின்று ஒவ்வொரு மூலையாகப் பொறுமையாக அடித்தார்.

நான் வெளியே வந்து கூப்பிட்டதும் அவர் முகம் மலர்ந்துபோனது. "சுரண்டிச் சுரண்டித் தோளு போச்சுன்னியே. எங்க காலத்துல எல்லாரும் இதானே அடிச்சோம். இப்ப நல்லா வழுக்கி விழுதுல்ல?"

விழுதுண்ணே என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னத்தைச் சொல்ல?

பிறகு, தொட்டியில் புதுத் தகடு அடிக்கப்போகிறார்கள், இனி தெளிக்கவே வேண்டாம் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். நம்பிவிட்டார். அவர் நம்புகிறவர்.

மார்ச் 14

அண்ணன் பெயரைச் சொன்னால் அவரை அனுப்பிவிடுவார்கள். இந்தக் கண்ணோடு வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? சொல்லாவிட்டால், செய்யாத குற்றத்துக்குச் சுருட்டை வெளியே.

சூப்பர்வைசரிடம் போனேன். "நான்தான் அடிச்சேன். அவன் மேல பழி போட்டேன். அவனைக் கூப்பிட்டுக்குங்க" என்றேன்.

சாவிக்குக் கை நீட்டினார். தெருவில் விடாமல், கலவையை ரோட்டில் பரப்புகிற பேவர் மெஷினுக்கு முன்னால் நின்று வண்டிகளுக்குக் கை காட்டும் வேலையைக் கொடுத்தார். பெரிய மனசு.

மார்ச் 16

"வண்டியை ஏன்டா விட்டே?" என்று அண்ணன் கேட்டார். தோள்வலி என்று சொல்லிவைத்தேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நான் அவ்ளோ பாடுபட்டும் உனக்குச் சரியாகலையா?"

மார்ச் 23, திங்கள்

சுருட்டை வந்துவிட்டான். என் டிப்பர்தான் இப்போது அவனுக்கு.

ரிவர்ஸில் வரும் டிரைவருக்கு பேவர் கண்ணுக்குத் தெரியாது. என் கையைப் பார்த்துத்தான் வர வேண்டும். நான் கையைத் தூக்கி, "வா, வா, இடமிருக்கு" என்றேன். வண்டியை நிறுத்தினான். கதவைத் திறந்து இறங்கினான். என்னைத் தாண்டி நடந்து வந்து, இடைவெளியைக் குனிந்து பார்த்துவிட்டு, திரும்பப் போய் ஏறினான். பிறகுதான் பின்னால் வந்தான். ஒவ்வொரு நடைக்கும் அப்படியே. மதியத்துக்குமேல் மற்ற டிரைவர்களும் இறங்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

யார்மேலும் கோபமில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் இறங்கித்தான் பார்த்திருப்பேன்.