வெள்ளி பொழுதுபட்டால் றூத் வரமாட்டார்

நவம்பர் 11, செவ்வாய்

முதல் பனி. பார்க் மெட்ரோவுக்குப் போய்ச் சேர்வதற்குள் காலுறை இரண்டும் நனைந்துவிட்டன. போன வருடச் சப்பாத்தில் வெடிப்பு. இன்னொரு குளிர்காலம் தாங்கும் என்று நினைத்தது என் பிழை.

வாங்க: சப்பாத்து. பனி உருகப் படிக்குப் போட உப்பு. உளுந்து. காகிதத் தட்டு (25ஆம் திகதி தம்பியின் நினைவு நாள், றூத் வருவார்).

நான் வேலை செய்கிற கார்டெறியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குப் பருப்பு சூப். பாதி வயிற்றில், பாதி என் மேற்சட்டையில்.

மாலை என் கட்சிக் கூட்டாளி றூத்தின் போன். அவர் பேரனுடைய பள்ளிக்கூடக் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள். யூதப் பிள்ளைகள் படிக்கிற இடம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அழவில்லை, நல்ல கோபத்தில் இருந்தார். நம் கட்சியின் தொகுதிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறாராம். ஒரே வரி. உலகத்தில் எங்கே யுத்தம் நடந்தாலும், இந்தத் தொகுதியில் யாருடைய பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் கை வைக்கக் கூடாது.

றூத் பேசுவது ஆங்கிலம். எனக்குள் அது எப்போதும் எங்கள் தமிழாகத்தான் வந்து விழும்: "காஸாவுக்கான தீர்மானத்துக்கும் நான் கை உயர்த்துவன். அங்க குண்டு போடுற அரசாங்கத்தை உம்மட மகள் பிறக்க முதலே ஏசத் தொடங்கினனான். என்ர ஒரு வரிக்கு அவை கை உயர்த்துவினமோ?"

உயர்த்துவார்கள் என்றேன். ஏன் மாட்டார்கள்? எங்கள் கட்சிதானே.

நவம்பர் 13, வியாழன்

நிலானி சாப்பிட வந்தாள். மெலிந்துவிட்டாள். வேலை, அதற்குமேல் தொகுதிக் குழுச் செயலாளர் வேலை. என் பிள்ளை கட்சியில் செயலாளர் என்று கார்டெறியில் எல்லோருக்கும் சொல்லி முடித்தாயிற்று.

புட்டைக் குழைத்தபடியே கேட்டாள்: "அம்மா, றூத் அன்ரிக்கு எந்த நாள் கூட்டத்துக்கு வர ஏலாது?"

"வெள்ளி பொழுதுபட்டா, சனி பொழுதுபடுமட்டும் அவையின்ர சமயத்தில ஓய்வு நாள், வரமாட்டா. போனும் எடுக்கமாட்டா. மற்ற எந்த நாளும் வருவா."

போனில் குறித்துக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது. தம்பி ஊரில் யுத்தத்துக்குள், செல்லடியில் செத்த நாளில் மட்டும் வரமாட்டேன் என்று குழுவில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு வருடமாவது 25இல் கூட்டம் வைத்தார்களா? இல்லை. எங்கள் ஆட்கள் நாள் கேட்பது அதற்காகத்தான்.

நவம்பர் 17, திங்கள்

கூட்ட அறிவித்தல் வந்துவிட்டது. 21ஆம் திகதி, வெள்ளி, இரவு ஏழரை.

இரண்டு தரம் வாசித்தேன். இந்த மாதம் நாலரைக்கே இருட்டு. நிலானிக்கு எடுத்தேன்.

"மண்டபம் அண்டைக்குத்தானம்மா கிடைச்சது."

நம்பினேன். பெற்ற பிள்ளை சொன்னால் நம்பாமல்?

பிறகு றூத்திடம் இருந்து போன். ஒரு குறையும் சொல்லவில்லை. "நீர் போவீர்தானே? நீரே வாசிச்சுவிடும்." வரியைச் சொல்லச் சொல்ல, மின்சாரக் கட்டண உறையின் பின்பக்கத்தில் எழுதினேன். என் பிரெஞ்சில் வாசித்தால் சிரிப்பார்களோ என்று ஒரு பயம். குளிக்கும்போது உரத்துச் சொல்லிப் பார்த்தேன்.

நவம்பர் 20, வியாழன்

சப்பாத்து வாங்கியாயிற்று. கால் சூடு. விலையை நினைத்தால் தலையும் சூடு.

பஸ் தரிப்பில் மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிற ஹெய்ட்டிப் பெண். இந்த வாரம் சரியான வேலையோ என்று கேட்டேன். எங்கே, செவ்வாய், புதன், இன்றைக்கு மூன்று நாளும் மண்டபம் வெறுமனே கிடக்கிறது என்றாள்.

ஏதோ பதிவில் குழப்பம் இருக்கும்.

நவம்பர் 21, வெள்ளி

மரக்கறிச் சமையல். கோயிலுக்குப் போக நேரமில்லை. ஏழு மணிக்கே மண்டபத்தில். வழக்கத்தை விட நிறைய ஆட்கள். றூத் எப்போதும் உட்காரும் முன்வரிசைக் கதிரையில் யாரோ ஜாக்கெட்டைப் போட்டிருந்தார்கள்.

முதலில் காஸாத் தீர்மானம். ஆயுதம் விற்கக் கூடாது, குண்டு போடுவதை நிறுத்து. ஒரு பெடியன் ஆஸ்பத்திரி ஒன்றின் படம் காட்டினான். நிலத்தில் படுத்திருக்கிற சனம், சுவரோடு ஒரு தாய். அந்த நிலத்தை எனக்குத் தெரியும். தம்பியை அப்படி ஒரு நிலத்தில்தான் கிடத்தினார்கள். அழுகை வந்தது. கையை உயர்த்தினேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, இன்றைக்கும் இல்லை, நாளைக்கும் இல்லை.

அடுத்தது றூத்தின் வரி. தலைவர் கடதாசியைப் பார்த்துச் சொன்னார்: முன்மொழிந்தவர் சபையில் இல்லை, விதிப்படி எடுக்க முடியாது.

எழும்பினேன். நான் வாசிக்கிறேன், அவர் என்னிடம் தந்துவிட்டார் என்றேன். பிரெஞ்சு நன்றாகத்தான் வந்தது.

விதி, மதாம்.

அவருக்குப் பக்கத்தில் நிலானி. அவளைப் பார்த்தேன். அவள் பேனையைப் பார்த்தாள்.

பின்வரிசையில் ஒருத்தி மற்றவளிடம், பிரெஞ்சில்: அப்பாடா, ஒரு தலையிடி குறைந்தது.

பிறகு எல்லோரும் சமோசாவுக்குப் போனார்கள். சமோசா நான் பொரித்துக் கொண்டுபோனது. ஒன்றைக்கூட என்னால் தின்ன முடியவில்லை.

நவம்பர் 22, சனி

பொழுதுபடும்வரை றூத்துக்கு எடுக்க முடியாது. அதற்குள் வீட்டை மூன்று தரம் கூட்டினேன்.

மத்தியானம் நிலானி வந்தாள். சப்பாத்தைக் கழற்ற முன்னமே கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்சே வெள்ளிக்கிழமை வைச்சனியோ?"

பொய் சொல்லவில்லை. அதற்காவது சந்தோஷப்படலாம்.

"அவ வந்திருந்தா முழு நேரமும் அதிலதானம்மா போயிருக்கும். அங்க பிள்ளையள் சாகேக்கை நாங்கள் கண்ணாடியைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருக்க ஏலுமோ?"

"ஒரு வரி. எவ்வளவு நேரம் போயிருக்கும்?"

"நீங்கள்தானே சொல்லுவியள், எங்கட சனம் சாகேக்கை உலகம் விதி கதைச்சது எண்டு."

"ஓம். சொன்னனான். அப்ப எங்களோட ஊர்வலத்துக்கு றோட்டில, அந்தக் குளிருக்குள்ள வந்து நிண்டது ஆர்? உனக்குத் தன்ர கையுறையைக் கழட்டித் தந்தது ஆர்? நேற்று விதி கதைச்சது நீ."

அழுதாள். நான் தேற்றவில்லை. கெட்ட பிள்ளை இல்லை அவள். செத்த பிள்ளைகளுக்காகத்தான் அழுகிறாள், நித்திரை கொள்கிறாள் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்த வெள்ளியை என் வாயில் இருந்தே எடுத்து, என் கூட்டாளியின் முகத்தில் கதவைச் சாத்திவிட்டாள். சாப்பிடாமல் போனாள்.

இருட்டிய பிறகு றூத்துக்கு எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். நாள் யார் சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை. சரி என்றார். சரி, செவ்வாய் வருகிறேன் என்றார்.

நவம்பர் 25, செவ்வாய்

தம்பியின் நாள். பூசணிக்காய், பயற்றங்காய், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். மரக்கறி நாளில் மட்டும்தான் றூத் எங்கள் வீட்டில் சாப்பிடுவார், அதுவும் காகிதத் தட்டில். அவருடைய சமயம் அப்படி, எனக்குக் கழுவுகிற வேலை மிச்சம்.

வந்தார். வழக்கம்போல விளக்குக்குத் திரி போட்டார். தம்பியின் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார். அவனைக் கண்டதே இல்லை.

சாப்பிடும்போதுதான் சொன்னார், கட்சி அட்டையைப் புதுப்பிக்கப் போவதில்லை.

"அப்பா சென்-லோரன் தெருவில கோட்டுத் தைச்சவர். தொழிற்சங்கம், ஊர்வலம். எங்கட வீட்டில தொழுகைக்கு அடுத்தது கட்சிதான். என்ர அக்கா எப்பவோ மற்றக் கட்சிக்குப் போயிட்டா. இவ்வளவு காலமும் அவவோட சண்டை பிடிச்சனான். இனி இருந்து சிரிக்கப்போறா."

"நீங்களும் அங்கயோ போகப்போறியள்?"

"தெரியேல்லை. அக்காவின்ர கட்டடத்துக்கு அந்தக் கட்சிக்காரர் வருகினம். கேக் தின்னுகினம், பேரப்பிள்ளையைக் கேட்கினம். அவைக்கும் எங்களில பெரிய அன்பில்லை, வோட்டுத்தான். ஆனா கதவைத் தட்டுகினம்." வடையைப் பிய்த்தார், தின்னவில்லை. "ஆருக்குப் போடுறது எண்டு தெரியாம இருக்கிறது எனக்கு இதுதான் முதல் தரம்."

அப்போது சொல்லிவிட்டேன். நாள் கேட்டது நிலானி. சொன்னது நான். வெள்ளியைத் தவிர்க்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்துச் சொன்னேன்.

"தெரியும். உம்மை விட்டா வேற ஆரிட்டக் கேட்டிருப்பினம்?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருக்கலாம்.

போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தார். வருடா வருடம் டப்பாவில் கொண்டுபோகிற பாயசம் மேசையிலேயே இருக்கிறது.

நவம்பர் 28, வெள்ளி

உறைமழை. படிக்கு உப்புப் போட்டேன். உளுந்து முடிந்துவிட்டது.

நாலு மணிக்குள் றூத்துக்கு எடுத்துவிட வேண்டும் என்று காலையில் இருந்து நினைத்து, எடுக்கவில்லை. இப்போது இருட்டிவிட்டது.

நிலானியின் போன். ஒன்றும் நடக்காததுபோல.

"அம்மா, அடுத்த கூட்டத்துக்கு நாள் பார்க்கிறம். உங்களுக்கு எந்த நாள் ஏலாது?"

"சொல்லமாட்டன்."