அழகுமலை நின்ற பக்கம்

ஜூலை 7, திங்கள்

மோர்க்குழம்பு வைத்தேன். உப்புக் கூடிவிட்டது. குறை சொல்ல ஆளில்லாததால் அப்படியே சாப்பிட்டுவிட்டேன்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசல் கேட்டில் இடது முழங்கை இடித்தது. போன வாரமும் அதே முழங்கை, அதே கேட். செவந்தி இருந்திருந்தால், "கேட்டு அது பாட்டுக்கு நிக்கிது, நீங்கதான் போயி மோதுறீங்க" என்றிருப்பாள்.

எதிர் வீட்டு அழகுமலை வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். கட்டுமாவடியிலிருந்து மீன் ஏற்றிவரும் வண்டி, தெருவெல்லாம் கவிச்சி. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். நானும் பார்க்காத மாதிரியே நடந்தேன். யாருக்கு நஷ்டம்?

ஜூலை 10

பள்ளி விட்டு வந்தபின் யாரிடமும் பேசவில்லை. பால்காரரிடம் "ஒரு பாக்கெட் போதும்" என்றேன். அது பேச்சில் சேருமா?

ஜூலை 13, ஞாயிறு

எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

செவந்தி பங்குனியில் போனாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வாசல் பந்தலில் வரிசையில் முதல் ஆளாக நான்தான் நின்றேன். சாவு வீட்டுக்கு வருகிற ஆண்கள் வாயால் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு கையையும் நீட்டுவார்கள், நாம் தொட வேண்டும், அவ்வளவுதான். அன்னவாசல் ஊரே வந்து கை நீட்டியது. தலைமையாசிரியர் நீட்டினார். என்னோடு வாய்க்கால் தகராறு செய்த பங்காளிகூட நீட்டினான். அழகுமலை கை மட்டும் இல்லை.

வாரம் தவறாமல் நண்டோ காரப்பொடி மீனோ கொண்டுவந்து, "அக்கா, சாருக்கு ரசம் வச்சுக் குடுங்க" என்று கேட்டில் தொங்கவிட்டுப் போனவன். வாய் நிறைய அக்கா. அந்த அக்கா போனபோது ஒரு தெருவைத் தாண்டி வர முடியவில்லை. லோடு ஏற்றப் போயிருப்பான். மீன் அழுகிவிடுமே!

பசித்தால்கூட அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

ஜூலை 17

எட்டாம் வகுப்பில் கண் பாடம். வருடா வருடம் நான் மிகவும் விரும்பி எடுப்பது. தாளில் இடது பக்கம் ஒரு புள்ளி, வலது பக்கம் ஒரு பெருக்கல் குறி. வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல முகத்தருகே கொண்டுவர வேண்டும். ஓரிடத்தில் புள்ளி மறையும். இன்னும் கிட்டே வந்தால் திரும்பத் தெரியும்.

"சார், காணாமப் போச்சு!"

"வந்துருச்சு சார்!"

"போன எடத்துல என்ன தெரிஞ்சுச்சு? கறுப்பா ஓட்டையா?"

"இல்ல சார், வெள்ளத்தாளுதான்."

எல்லோர் கண்ணிலும் பார்க்க முடியாத ஓர் இடம் உண்டு, அதுதான் குருட்டுப்புள்ளி. சுற்றியிருப்பதை எடுத்து மூளை அங்கே பூசிவிடும். அதனால் ஓட்டை இருப்பதே நமக்குத் தெரியாது என்றேன். தலைமையாசிரியர் தலையையே இப்படி மறைக்கலாம் என்றதும் வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆசிரியர் கூட்டங்களில் நான் அதைச் செய்வதுண்டு என்று சொல்லவில்லை.

பிறகு நானும் ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். இடது கண்ணில் புள்ளி மறைந்தது. மூக்கில் இடிக்கிற வரை தாளைக் கொண்டுவந்தும் திரும்ப வரவில்லை. தாளைத் திருப்பிப் பிடித்து வலது கண்ணால் பார்த்தால் ஒழுங்காக வருகிறது. கண்ணாடி பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும்.

சாயங்காலம் வீட்டில் — ஏன் இதைச் செய்தேன்? — வலது கண்ணை மூடிக்கொண்டு சுவரில் காலண்டரைப் பார்த்தேன். அதற்கு இடது பக்கம் செவந்தி படம். படம் இல்லை. மாலை இல்லை, சின்ன பல்பும் இல்லை. வெறும் பச்சைச் சுவர். காலண்டரைவிட்டுப் பார்வையை எடுக்காமல் கிட்டே கிட்டே போனேன். அவள் வரவேயில்லை.

பயந்துவிட்டேன்.

ஜூலை 18

கண்ணாடிதான். வேறொன்றும் இருக்காது.

ஜூலை 22

புதுக்கோட்டையில் கண் டாக்டர். வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சம் மின்னும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று காத்திருந்தேன். பக்கத்தில் நின்ற பெண், "சார், தூங்கிட்டீங்களா?" என்றாள். வெளிச்சம் வந்து போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

குளுக்கோமா. இடது கண்ணில் நேர்ப்பார்வை மட்டும் மிச்சம். பக்கப் பார்வை போய்விட்டது. அந்த இடது ஓரத்தை வலது கண்ணுக்கு மூக்கு மறைத்துவிடுமாம்.

"கறுப்பா ஒண்ணும் தெரியலையே டாக்டர்?"

"தெரியாதுங்க. மூளை அடைச்சிரும். அதான் யாரும் சீக்கிரம் வர்றதில்ல. ரெண்டு மூணு வருசமா இருக்கும்."

போன வாரம் நான் கரும்பலகை முன்னால் நின்று சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்கிறார். கேட்டு மேல் பழி போட்ட வாத்தியார்!

போனது வராதாம். வலது கண்ணிலும் தொடங்கிவிட்டதாம். இப்போதே மதுரையில் ஆபரேஷன் செய்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். தள்ளிப்போட்டால் இரண்டும் போகும். "தொணைக்கி யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்க. யாரு இருக்கா?" என்றார்.

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 23

துணைக்கு ஆள். பங்காளியைக் கேட்கலாமா? வாய்க்காலைத் தன் பேருக்கு எழுதிக் கேட்பான்.

ஜூலை 24

இலக்கியா டீச்சரிடம் விடுப்பு பற்றிச் சொல்லும்போது கண் விஷயமும் வந்துவிட்டது. அவர் மேசை என் இடது பக்கம்.

"அப்ப, தெனமும் நான் வணக்கம் சொல்றது ஒங்களுக்குத் தெரியவே இல்லையா சார்? தலக்கனம்னு நெனச்சு நிறுத்திட்டேன்." பிறகு தயங்கி, "அழகுமலை அண்ணனும் அப்படித்தான் சார்" என்றார்.

"அவரா? அவரு எங்க வந்தாரு?"

"வந்தாரே! ஒங்க எடதுகைப் பக்கமா வந்து கைய நீட்டிக்கிட்டே நின்னாரு. நீங்க தொடவே இல்ல. ஊரே பாத்துச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டு அழுதுகிட்டே போயிட்டாரு."

நீட்டிய கையைத் தொடாமல் விட்டால் அதற்கு எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். உன் உறவு வேண்டாம், போ.

பந்தலில் என் வலது பக்கம் வீட்டுச் சுவர். இடது பக்கம் தெரு. அந்த வழியாகத்தானே வர முடியும்? முன்னால் வந்து நின்றவர்களைத் தொட்டிருக்கிறேன். ஓரமாக நின்றவரை... அங்கே என்ன தெரிந்தது எனக்கு? பந்தல் துணிதான் தெரிந்திருக்கும். ஐயோ, செவந்தி, ஒன் தம்பிய ஊரு முன்னால வெரட்டிவிட்டேனே! நாலு மாசமா அந்த மனுசன வஞ்சுக்கிட்டு வேற இருந்தேனே!

ஜூலை 25

போனேன். வண்டியிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தது ஒன்றும் வாயில் வரவில்லை. எதிரே போய் நின்று இரண்டு கையையும் நீட்டினேன்.

அவர் பார்த்தார். பெட்டியைப் பிடித்தபடியே நின்றார். நீட்டிய கையோடு நிற்பது எவ்வளவு கனம் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

"நான் அன்னைக்கே நீட்டிட்டேன் சார்" என்றார்.

"தெரியும்ப்பா. நேத்துத்தான் தெரியும். எனக்கு இங்கிட்டுக் கண்ணு தெரியல அழகுமலை. சத்தியமாத் தெரியல."

வேறென்ன சொன்னேன் என்று நினைவில்லை. டாக்டர், கிண்ணம், புள்ளி என்று என்னென்னவோ உளறினேன். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். கையை லுங்கியில் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். பிறகு தொட்டார். ஐஸ் போலக் குளிர்ந்த கை. இரண்டு பேரும் தெருவில் நின்று அழுதோம்.

"மதுரைக்கி எப்ப போகணும்?" என்றார்.

ஜூலை 27

கேட்டில் நண்டு தொங்கியது. எப்படிக் கழுவுவது என்று கேட்கப் போனேன்.

ஆகஸ்ட் 5

நாளைக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அழகுமலை பையை வாங்கிக்கொண்டு வலது பக்கம் வந்தார். நாலு எட்டு நடந்ததும் நின்றார். "நான் அங்கிட்டு வாரேன் சார்" என்று சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார்.

அதன்பிறகு அவர் எனக்குத் தெரியவில்லை. குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டுத்தான் வந்திருந்தார். ஆனாலும் ஆஸ்பத்திரி வாசல் வரை அந்தப் பக்கம் மீன் கவிச்சி அடித்துக்கொண்டே வந்தது.