ஏழாம் வாய்ப்பாட்டை நடுவில் கேட்டால்

காஜா பெராங், மலாக்கா
3.3.1959

அன்புள்ள அண்ணனுக்கு, கோகிலாவின் வணக்கம்.

குடியுரிமை நேர்காணலில் தோற்றுவிட்டேன். நீங்கள் எழுதி அனுப்பிய மலாய்க் கேள்வி பதில்களைத் தையல் மிஷின் மிதித்தபடியே ஒப்பித்து வைத்திருந்தேன். பெயர், வீடு, வேலை, பிள்ளைகள் என்று வரிசையாகக் கேட்பார்கள் என்று நினைத்தேன். அந்த அதிகாரி இரண்டாவதாகவே, "பிள்ளைகள் எத்தனை?" என்றார். என் வாய் தானாக, "காஜா பெராங்" என்றது.

"காஜா பெராங் பிள்ளைகள் எல்லாம் உங்களுடையவைதானா, அம்மா?" என்று சிரித்தார். அப்புறம் கேட்டதற்கெல்லாம் மாற்றி மாற்றி உளறினேன்.

ஏப்ரலில் மறுபடி வரச் சொன்னார்கள். அதிலும் தோற்றால், நீங்கள் ஊர் திரும்பும்போது மகள் மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு உங்களோடு நாகப்பட்டினம் கப்பல் ஏறுகிறேன் என்றேனே, அந்த வாக்கு வாக்குதான். ஆனால் போக மனமில்லை, அண்ணா.

தங்கை,
கோகிலா

சிரம்பான்
6.3.1959

அன்புத் தங்கைக்கு ஆசிகள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தேன், கோபித்துக்கொள்ளாதே! நீ எதையும் மறக்கவில்லை. ஆறேழு எவ்வளவு என்று நடுவில் கேட்டால் வகுப்பில் பிள்ளைகள் என்ன செய்யும்? ஓரேழிலிருந்து ஓடி வரும். ஒரு பதில் அடுத்த பதிலின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. தனியாகக் கூப்பிட்டால் விழிக்கும். உனக்கு நடந்ததும் அதுதான்!

ஆகவே தாளைக் கிழித்துப் போடு. பக்கத்து வீட்டு அஞ்சலை, தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் மலாக்கா செட்டி வீட்டுப் பெண், வீட்டில் மலாய்தானே பேசுகிறாள்? நினைத்த நேரத்தில், நினைத்த கேள்வியைக் கேட்கச் சொல். நீ திணறினால் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டாம். தேடி எடுத்ததுதான் தங்கும். இரண்டு நாள் விட்டு, பாதி மறந்த பிறகு மறுபடி கேட்கட்டும்.

நீங்கள் இருவரும் என்னோடு வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. கப்பலில் இடமும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்காகத் தப்பாகச் சொல்லித்தர எனக்கு வராதே!

அண்ணன்,
பொன்னுதுரை

காஜா பெராங்
14.4.1959

அண்ணா, தேறிவிட்டேன்!

அஞ்சலை என்னை விட்டாளா? கிணற்றடியில் வாய் நிறையப் பல்பொடியோடு நிற்கிறேன், "உன் வேலை என்ன?" என்கிறாள். பதில் சொல்லாமல் வாளி கிடைக்காது. ரவிக்கை தைக்க வருகிறவர்களையும் தூண்டிவிட்டாள். கேள்வி கேட்காமல் ஒருத்தியும் அளவு கொடுக்கவில்லை.

அதே அதிகாரிதான். கேள்விகளைக் கலைத்துப் போட்டே கேட்டார். சொன்னேன். கடைசியில் நம் தாளிலேயே இல்லாத ஒன்று: "ஏன் இங்கேயே இருக்க வேண்டும்?"

"ஊருக்குப் போனால் நான் வாத்தியாரின் விதவைத் தங்கை. இங்கே நான் தையல்காரி கோகிலா. நான் இல்லாதபோது மழை வந்தால் கொடித் துணியைப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்து வைக்கிறாள்" என்றேன். மலாயில், அண்ணா! பேசி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நான் வரவில்லை. கோபமா?

கோகிலா

சிரம்பான்
17.4.1959

என் கோகிலா,

கோபமா! உன் கடிதத்தைக் கடைத்தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். தாளில் இல்லாத கேள்விக்குப் பதில் சொன்னாயே! இத்தனை வருட வாத்தியார் வேலையில் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான்.

உங்கள் இருவரின் இடமும் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. புதன்கிழமை பினாங்கில் கப்பல் ஏறுகிறேன். மல்லிகாவுக்கு என் முத்தங்கள்.

ஊரில் என்னோடு மலாய் பேச ஆளில்லை. பேசாவிட்டால் போய்விடும். எப்போதாவது ஒரு கடிதம் மலாயில் எழுது, அம்மா. அகராதியைத் தொடாமல் பதில் போடுகிறேன். நீ இனிமேல் வாழப்போகிற மொழி எனக்குப் புரியாமல் போய்விடக் கூடாது.

உன் அண்ணன்,
பொன்னுதுரை