பெட்டிக்குத் தைத்த சட்டை

மே 11, திங்கள். சித்திரை 28.
அக்கினி வெயில். பிழிந்த வடகம் ஒரே பகலில் காய்ந்துவிட்டது.
இவர் செய்து விற்ற டி.வி. ஸ்டெபிலைசரில் ஐந்தாவதும் திரும்பி வந்தது. தல்லாகுளம் கோர்ட் குமாஸ்தா சுமந்து வந்தார். "தம்பி, டி.வி.ல படம் வரல. ஒம்ம பொட்டிதான் புகை விட்டுப் படம் காட்டுது."
திறந்தால் போர்டு கருகிய தோசை. டிரான்சிஸ்டர் போச்சு. "ஈயம் பத்த வைக்கத் தெரியல எனக்கு. பேசாம மில்லுக்கே போறேன்" என்றார் இவர். நெஞ்சுவலியோடு விட்ட வேலை அது. முருகா.

மே 12, செவ்வாய்.
விரதம். துவரம்பருப்பில் புழு.
இவர் டிரான்சிஸ்டரைப் பெரிய அலுமினியத் தகட்டில் திருகாணி போட்டு இறுக்கினார். சூட்டைத் தகடு இழுத்துக்கொள்ளுமாம். நாலு மணி நேரம் ஓட்டியும் வெதுவெதுப்புதான். பழைய பெட்டியும் இங்கே அப்படித்தானே இருந்தது? பிறத்தியார் வீட்டில் மட்டும் ஏன்?

மே 14, வியாழன்.
நோட்டை எடுத்தேன். விற்றது பதினொன்று. முதல் ஆறு வீட்டில் புகார் இல்லை. கருகியது பின்னால் விற்ற ஐந்தும். அந்த ஐந்துக்குத்தான், தூசி அண்டாமலிருக்க, வெல்வெட்டில் பூப்போட்டு உறை தைத்துச் சும்மா கொடுத்தேன்.
இவர் வெளியே போனதும் மிச்சமிருந்த உறையைத் தகடு போட்ட பெட்டிக்கு மாட்டி ஓட்டினேன். சோறு வடிப்பதற்குள் தீய்ந்த வாடை. தகட்டைத் தொட்ட விரலில் கொப்புளம். காற்றுக்கென்று இவர் போட்ட ஓட்டை அத்தனையும் நானே அடைத்திருக்கிறேன்.
இவர் வருவதற்குள் உறையைக் கழற்றி ஒளித்துவைத்தேன்.

மே 15, வெள்ளி.
வண்டியூர் மாரியம்மனைக் கும்பிட்டு வந்து சொல்லிவிட்டேன். இவர் உறையை வாங்கிப் பூவைத் தடவிப் பார்த்தார். பிறகு, "ஒன் பூ வேலையப் பாத்துத்தானத்தா அஞ்சு பேரும் வாங்குனாக" என்றார். அழுகை வந்துவிட்டது.
சாயங்காலம் சரிசெய்த பெட்டியோடு குமாஸ்தா வீடு. உறையைத் திருப்பிக் கேட்டேன். அவர் சம்சாரம் பிடித்த பிடி விடவில்லை. "மூளியா வச்சா நல்லாவா இருக்கு? வேணும்னா பொட்டியத் தூக்கிட்டுப் போ, கவர விட்டுட்டுப் போ!"
இவர் சிரித்துவிட்டார். எத்தனை நாளாயிற்று.
கத்தரிக்கோல் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து, உறையின் மேலும் பின்னும் பக்கமும் வெட்டி எடுத்தேன். முன்னால் பூ மட்டும், திரை மாதிரி. ஒரு மணி நேரம் டி.வி. ஓடியது. இவர் தகட்டில் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை.
மில்லுப் பேச்சு இல்லை.

மே 16, சனி.
இன்னும் நாலு வீடு. கோச்சடை முதலில். அந்த உறையில் மயில் போட்டிருக்கிறேன், தோகை முழுக்கப் பின்பக்கம்.