பாறையில் கரிக்கட்டையால் ஒரு பெயர்

ஜன. 9, வெள்ளி

காலையில் நல்ல பனி. கரமனை ஆறு இருக்கிற இடமே தெரியவில்லை. ஒன்பது மணிக்குள் மாவு பாக்கெட் எல்லாம் தீர்ந்தது. கிரைண்டர் மறுபடி முனகுகிறது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இது போன வருஷத்து டைரி. மகன் சதீஷ் வேலை பார்த்த பைக் ஷோரூமில் கொடுத்தது. அவன் ஒரு எழுத்து எழுதவில்லை. கிழமை ஒத்துவராது, அடித்து எழுதுகிறேன். முதல் பக்கத்தில் 'பெயர்' என்று ஒரு கோடு. அதைத் தொடவில்லை. அது அவனுடையது.

ஞாயிறு மலைக்கு. எடுத்துக்கொள்ள:
ஆதார் நகல்
தண்ணீர்
அட்டைக்கு உப்பு
தோசை, மிளகாய்ப் பொடி தடவியது
ஷூ - என்னிடம் ஏது? அவனுடையது. முன்னால் துணி அடைத்தால் நிற்கிறது.

பக்கத்து வீட்டு ஷீபா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "மல்லிகா சேச்சிக்கு இந்தப் பிராயத்துல டிரெக்கிங்கோ? முட்டு வலிக்கும் கேட்டோ." "முட்டு என்னுது. உனக்கு எங்க வலிக்கு?" என்றேன். சிரித்தாள். காரணம் கேட்கவில்லை, நல்லவேளை.

காரணம் இதுதான். அவன் போனைக் கூட்டாளி அனூப் போன மாதம் திறந்து கொடுத்தான். அதில் ஒரு படம். ஒரு பெரிய பாறை, பக்கத்தில் நம்ம ஆள் இளித்துக்கொண்டு, கையெல்லாம் கரி. தோளுக்குப் பின்னால் பாதி எழுத்து: 'தீஷ்'. மீதியை அவன் உடம்பு மறைக்கிறது. இரண்டு வருஷம் முந்தைய படம். "கல்லாறுக்கு மேலே காட்டுல, அம்மே. பழைய சித்திரம் உள்ள குகை. ஞாயிற்றுக்கிழமை காட்டு ஆபீஸ் கார்டு கூட்டிட்டுப் போவார்" என்றான் அனூப். அவன் பெயரை அவன் கையால் எழுதினது. அதை ஒரு தடவை பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜன. 11, ஞாயிறு

கால் இரண்டும் என்னுடையதில்லை. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

முதல் பஸ். கல்லாறில் இறங்கி, காட்டு ஆபீசில் பெயர், வயது, போன் நம்பர். மொத்தம் எட்டுப் பேர். ரிட்டயர்டான பேங்க் சார் ஒருவர், கழுத்தில் கேமரா, வாயில் பிரசங்கம். வழிகாட்டி ஓமனா. நாற்பது வயசு இருக்கும், காட்டுக்குள்ளேயே பிறந்தவள், கையில் கத்தி. பேச்சு தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை, இரண்டும்.

"பிளாஸ்டிக் கீழே போடக்கூடாது. கொண்டுபோனது எல்லாம் திரும்பக் கொண்டு வரணும். பாறையைத் தொடக்கூடாது. தொட்டா நான் ஏசுவேன், பின்னே சொல்லலைன்னு சொல்லக்கூடாது."

இரண்டு மணி நேரம் ஏற்றம். உப்பு போதவில்லை, அட்டை அதற்குமேல் கெட்டி. ஒரு ஓடை தாண்டும்போது ஷூ கழன்று ஓடப் பார்த்தது. ஓடிப் பிடித்தேன். "ஷூவுக்கு இத்தனை பாசமா?" என்றார் பேங்க் சார். உள்ளே அடைத்த துணியைப் பிழிந்து மறுபடி திணித்தேன்.

குகை என்றால் குகை இல்லை. மழைக்கு ஒதுங்குகிற மாதிரி முன்னால் துருத்தின பாறை. ஓமனா வெளியிலேயே ஷூவைக் கழற்றி வைத்தாள். நாங்களும். உள்ளே காவி நிறத்தில் மான், அதன் மேலே வெள்ளையில் இன்னொன்று, வயிற்றில் கோடு கோடாக. ஓரத்தில் கையைத் தூக்கி நிற்கிற ஒரு ஆள். ஆணா பெண்ணா தெரியவில்லை. எத்தனை ஆயிரம் வருஷம் என்று பேங்க் சார் கேட்டார். "சரியா யாருக்கும் அறியாது. எங்க ஆளுங்க வரைஞ்சதுன்னு எங்க அம்மா சொல்லும்" என்றாள் ஓமனா. குரல் தாழ்ந்திருந்தது. அவள் வீட்டுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு வலது பக்கம் டார்ச்சைத் திருப்பினாள். குரலும் மாறியது. "இனி இது பாருங்க. மனுஷன் செய்த வேலை."

பெயர்கள். இதயம், அம்பு, தேதி. எல்லாம் கரி. கையைத் தூக்கின ஆளுக்கு ஒரு முழம் தள்ளி, தமிழில் ஒன்று.

"இதை எழுதினவன் கையிலே கிட்டினா விரலை ஒடிப்பேன்" என்றாள். பேங்க் சார் தலையாட்டினார். "தமிழாக்கும். பாண்டிக்காரன் எவனோ. இவன்களை எல்லாம் உள்ளே விடவே கூடாது." ஓமனா கேட்டாள்: "யாருக்காவது வாசிக்கத் தெரியுமா? ரிப்போர்ட்ல எழுதணும்."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

சத்தமாக வாசித்தேன். "ம. சதீஷ்."

வாய் வாசித்த பிறகுதான் கண் பார்த்தது. ம.

பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்குகிறது என்று நினைத்து ஓமனா தண்ணீர் தந்தாள். "அடுத்த ஞாயிறு தொல்பொருள் சார் வருவார், இது எல்லாம் மாய்ச்சு, அழிச்சு எடுக்க. ஆள் வேணும். வர இஷ்டமுள்ளவங்க பெயர் கொடுக்கலாம்."

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

ஜன. 12, திங்கள்

மாவு புளித்துப்போய்விட்டது. இரண்டு வீட்டில் முகம் சுளித்தார்கள்.

எழுதித் தீர்க்கிறேன். ராஜன் எங்களை விட்டுப் போனபோது பிள்ளைக்கு ஆறு வயசு. நாகர்கோவிலில் வேறு குடும்பம். ஆனாலும் பிள்ளைக்கு இன்ஷியல் 'ரா' தான். பள்ளிக்கூடத்தில் R. சதீஷ். அப்பன் எழுத்து முன்னால் நிற்க வேண்டாமா, நம்ம ஊர் வழக்கம் அது.

அவனுக்குப் பதினேழு வயசு இருக்கும். ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றான்.

"அம்மா, இன்ஷியலை மாத்தலாமாம். உன் பேரை வச்சுக்கட்டா?"

"அப்பன் பேரு இல்லாத பிள்ளைன்னு நாலு பேரு சொல்லதுக்கா லே? வாயை மூடிட்டுப் போ."

போனான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அப்பன் மேல் பாசம் விடவில்லை போல என்றுகூட நினைத்துக்கொண்டேன். மக்கா, உன்னைப் பெற்றவள் எவ்வளவு பெரிய மடச்சி.

மே மாதம். மழை, பைக், பைபாஸ். இதற்கு மேல் எழுத வராது.

ஜங்ஷனில் கட்டுகிற ஆதராஞ்சலி ஃபிளெக்ஸுக்கு அவன் கூட்டாளிகள் கேட்டார்கள், "அம்மே, பெயர் எப்படிப் போடணும்?" அப்போதும் "ரா. சதீஷ்" என்றேன். அழுதுகொண்டே இன்ஷியல் சொன்னேன். மரணச் சர்டிபிகேட்டிலும் R. ராஜன் சாவு எடுப்புக்குக்கூட வரவில்லை. அவன் எழுத்து மட்டும் வந்து எல்லா இடத்திலும் உட்கார்ந்துகொண்டது.

உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் என் எழுத்து, மல்லிகாவின் ம. அதுவும் எழுதக்கூடாத இடத்தில். ஞாயிறு அதை அழிக்கப் போகிறார்கள்.

ஜன. 14, புதன்

நாளை பொங்கல். இந்த வருஷம் நமக்குப் பானை வைப்பதில்லை. ஷீபா கரும்பு கொண்டு வந்து, வாசலிலேயே தயங்கித் திருப்பிக் கொண்டுபோனாள். பாவம்.

ஓமனா போன். "சேச்சி ஞாயிறு வருமல்லோ?"

யோசித்தது: (1) போகாமல் இருக்கலாம். யாரோ துடைப்பார்கள். (2) உண்மையைச் சொல்லிக் கெஞ்சலாம். அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடு என்று. (3)

மூன்று என்று போட்டேன், ஒன்றும் வரவில்லை.

"வாறேன்" என்றேன்.

ஜன. 18, ஞாயிறு

வெயில். காட்டுக்குள் குளிர். போனது ஆறு பேர். பேங்க் சார் வரவில்லை, பிரசங்கத்தோடு சரி.

தொல்பொருள் சார் சின்ன உருவம், பொறுமை. எங்கள் கையில் மெத்தென்ற பிரஷ், பஞ்சு, தண்ணீர். சித்திரத்தை ஒட்டி இருப்பதெல்லாம் அவர் மட்டும். தள்ளி இருப்பது நாங்கள். "தேய்க்கக்கூடாது. முதலில் பிரஷால் கரியை உதிர்க்கணும். பிறகு பஞ்சை ஒற்றி ஒற்றி எடுக்கணும். கீழேயிருந்து மேலே. மேலேயிருந்து இறங்கினா கறுப்பு வழியும்." குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி என்றார். அவருக்கு என்ன தெரியும்.

நேராக அங்கே போய் நின்றேன். வேறு யாரும் தொடுவதற்கு முன்னால். அவன் எழுத்துதான். 'தீ'யின் சுழியை எப்போதும் கொழுக்க வைத்துப் போடுவான். தமிழ் நான் சொல்லிக் கொடுத்தது, மாவு பாக்கெட் பேப்பரில்.

ஓமனா பக்கத்தில் வேலை செய்தாள். "இந்த ஆளை சேச்சிக்கு அறியுமா? அன்னைக்கு வாசிக்கும்போ முகம் ஒருமாதிரி ஆயிட்டு."

"என் பையன்."

அவள் பிரஷ் நின்றது. "அப்போ அவனை வரச் சொல்லுங்க. அம்மையை அனுப்பிட்டு அவன் எங்கே?"

"இல்லை. மே மாசம் போயிட்டான்."

ஓமனா தன் பஞ்சைத் தண்ணீரில் முக்கினாள், பிழிந்தாள், மறுபடி முக்கினாள். பிறகு மெல்ல, "விரலை ஒடிப்பேன்னு சொன்னேன் அல்லே. தெய்வமே."

"சொன்னது சரிதான். நான் அங்க இருந்தா நானே ஒடிச்சிருப்பேன்."

ஷ் முதலில் போனது. தீ போக நேரம் பிடித்தது. ச. பஞ்சை மாற்றும்போது ஓமனா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதேன், சத்தமில்லாமல் இல்லை, சத்தமாகத்தான். சார் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் மானிடம் போனார்.

'ம' மட்டும் மிச்சம்.

ஓமனா கிசுகிசுத்தாள். "அந்த ஒரு எழுத்து கிடக்கட்டும் சேச்சி. சார்கிட்ட நான் சொல்லமாட்டேன்."

நினைத்தேன். பொய் எழுத மாட்டேன், ரொம்ப நேரம் நினைத்தேன். ஒரு எழுத்து. யாருக்கு என்ன கேடு? கையைத் தூக்கின அந்த ஆள் ஒரு முழம் தள்ளி நிற்கிறது. அதற்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். அதன் வீட்டுச் சுவரில் என் பெயர் எதற்கு?

"வேண்டாம் ஓமனா. வீட்டுல கேட்டான். அங்க வச்சே நான் சரின்னு சொல்லியிருக்கணும்."

ஒற்றி எடுத்தேன். பாறை ஈரமாக இருந்தது, பிறகு காய்ந்தது, பிறகு எதுவும் இல்லை.

இறங்கும்போது ஓமனா என் பையை வாங்கிக்கொண்டாள். பஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்றாள். வயசு என்ன வேலை என்ன என்று அவனைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சொன்னேன். மிளகாய்ப் பொடி தோசை அவனுக்குப் பிடிக்கும் என்பதுவரை.

வீடு. அரிசி இன்னும் ஊறப் போடவில்லை. நகத்தில் கரி.

இந்த டைரியின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். 'பெயர்' என்ற கோட்டில் எழுதியாயிற்று. ம. சதீஷ்.