கடலும் வானமும் சேர்ந்து மூடும் நாள்

ஸ்கார்வோய் தீவு
டிசம்பர் முதல் வாரம்

அன்பு மகன் ஸ்டைனாருக்கு, அம்மா ஆசையா எழுதறது. இங்க நான், உங்கப்பா, உன் பொண்டாட்டி தோரில், உன் மக குட்டி உன்னி நாலு பேரும், தோரில் வயித்துல உருண்டுக்கிட்டு இருக்கற அஞ்சாவது ஆளும் நல்லா இருக்கோம். பூமிக்கு அந்தக் கோடியில, சிலி நாட்டு மீன் பண்ணையில, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பாத்துக்கறேன்னு நம்பறேன். அங்க இப்போ கோடைன்னு சொல்றே, சரி, இருக்கட்டும். ஆனாலும் தண்ணி மேல நின்னு வேலை பாக்கறப்போ கம்பளி உள்சட்டையைக் கழட்டாதே. இங்க மத்தியானம் ஆச்சு, வெளியில அந்த நீல வெளிச்சம் வந்து நிக்குது. இந்த வடகோடியில சூரியன் இனிமே எட்டிப் பாக்கறது ஜனவரி கடைசியிலதான். இந்த வெளிச்சத்துல கடல் எங்க முடியுது, வானம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. நான் அடுப்பங்கரை மேஜையில உக்காந்து பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு அதையே பாத்துட்டு இருக்கேன், காபி ஆறிப் போச்சு.

கடிதம் எழுதறதுக்குக் காரணம் இருக்கு. போன் இருக்கறது கூடத்துல, தோரில் படுத்திருக்கறது பக்கத்து அறையில, நடுவுல இருக்கற பலகைச் சுவர் வழியா உங்கப்பா கொட்டாவி விடறதே கேக்கும். ஞாயித்துக்கிழமை நீ கூப்பிடறப்போ மனசுல ஒண்ணை வெச்சுக்கிட்டு, இங்க பனி, அங்க எப்படின்னு எதையோ உளறிட்டு வெச்சுடறேன். விஷயம் இதுதான். பிரசவம் கிறிஸ்துமஸுக்கு முன்னாடின்னு மருத்துவச்சி சொல்லியாச்சு. இந்தத் தீவுல யாரா இருந்தாலும் கடைசி வாரங்கள்ல நகரத்துக்குப் போய் ஆஸ்பத்திரி விடுதியில தங்கிக் காத்திருக்கறதுதான் வழக்கம். உன்னைப் பெக்க நான் போகலையா, ஜன்னலோரம் உக்காந்து உனக்கு ஸ்வெட்டர் பின்னலையா? தோரில் மட்டும் மாட்டவே மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. வலி வந்ததும் படகுல போயிடறேன், படகு நின்னா ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் வரும், ரெண்டும் இல்லாமப் போக நூத்துல ஒரு வாய்ப்புதான், உங்க பிள்ளையே கணக்குப் போட்டுச் சொல்லிட்டாரு அத்தைங்கறா. அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இருக்கே! பத்து நாள்ல ஒரு நாள் படகு நிக்கும், பத்து நாள்ல ஒரு நாள் ஹெலிகாப்டர் பறக்காது, ரெண்டையும் பெருக்கினா நூத்துல ஒண்ணு, அப்படித்தானே? ஏண்டா, என் வகுப்புலயே உக்காந்து புள்ளியியல் படிச்சவன்தானே நீ? பெருக்கறதுக்கு முன்னாடி, இது ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சாராம நடக்கறதுதானான்னு கேளுங்கன்னு எத்தனை தடவை கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருப்பேன். நீ ஜன்னல் வழியாப் படகையே பாத்துட்டு இருந்திருப்பே.

படகுத்துறைக் காத்திருப்பு அறையில அந்த மீன் பெட்டி இன்னும் அப்படியேதான் இருக்கு. உனக்குத் தெரியாததா, ஆனா மறந்துட்டே, அதனால சொல்றேன். உள்ள நாலு அறையாத் தடுத்த பெட்டி. காலையில முதல்ல வர்றவங்க ரேடியோவைக் கேட்டுட்டு ஒரு கூழாங்கல்லைப் போடணும். படகும் உண்டு ஹெலிகாப்டரும் உண்டுன்னா முதல் அறையில. படகு மட்டும்னா ரெண்டாவது, ஹெலிகாப்டர் மட்டும்னா மூணாவது, ரெண்டுமே இல்லேன்னா நாலாவது. கோடையில வெள்ளைக் கல், குளிர்காலத்துல கருப்பு. ரெண்டு விஷயம் சேர்ந்து நடக்க எவ்வளவு வாய்ப்புங்கற கூட்டு நிகழ்தகவு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குப் புரியட்டும்னு நான் விளையாட்டா ஆரம்பிச்சது, இப்போ தீவே போடுது. கல்லைப் போடாம யாரும் காபி ஊத்திக்கறதில்ல.

நேத்துப் பள்ளிக்கூடம் விட்டு வர்றப்போ அந்த அறையில தனியா ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். சமவாய்ப்பு மாறின்னு பேர்தான் பெருசு. ஒவ்வொரு காலையும் கடல் ஒரு பதில் சொல்லுது, வானம் ஒரு பதில் சொல்லுது, என்ன சொல்லும்னு முன்கூட்டித் தெரியாது, அவ்வளவுதான். கடல் சொன்னதை மட்டும் தனியா எண்ணிப் பாத்தா, கோடையோ குளிரோ, பத்துல ஒண்ணு மூடல். வானம் சொன்னதை மட்டும் எண்ணினாலும் அதே பத்துல ஒண்ணுதான். ஓரத்துல நின்னு கூட்டிப் பாக்கற கணக்கு அது. ஆனா ரெண்டும் சேர்ந்து என்ன சொல்லுதுங்கறது பெட்டிக்கு உள்ளதான் இருக்கு. ஓரத்தை மட்டும் பாத்துட்டு உள்ள இருக்கறதைச் சொல்லிட முடியாதுடா. கோடையில படகை நிறுத்தறது காத்து, ஹெலிகாப்டரை நிறுத்தறது பனிமூட்டம். காத்து அடிச்சா மூட்டம் கலைஞ்சுடும், மூட்டம் நின்னா காத்து இருக்காது. அதனால நாலாவது அறையில வெள்ளைக் கல் தேடினாலும் கிடைக்காது. உங்கப்பாவும் நானும் நல்ல நாள்ல இருக்கற மாதிரி, ஒருத்தர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா இன்னொருத்தர் சமைச்சுடறது. குளிர்காலத்துல அப்படி இல்ல. தென்மேற்குப் புயல் பனியை அள்ளிக்கிட்டு வந்துச்சுன்னா படகையும் நிறுத்தும், அதே கையோட ஹெலிகாப்டரையும் நிறுத்தும். நாலாவது அறையில கருப்புக் கல் குவிஞ்சு கிடக்கு. இப்போ உன் கணக்கு நூத்துல ஒண்ணு இல்ல ராசா, பத்துல ஒண்ணுக்குப் பக்கத்துல வந்து நிக்குது.

உன்னி பிறந்தப்போ ஜூன் மாசம். மூட்டத்துல ஹெலிகாப்டர் வரல, படகு ஊதிக்கிட்டே மெதுவாக் கொண்டு போய்ச் சேத்துச்சு, நீ பக்கத்துல இருந்தே, எல்லாம் சுகமா முடிஞ்சுது. தோரில் அதையே மனசுல வெச்சிருக்கா, ஒண்ணு போனா ஒண்ணு வரும்னு. அது ஜூன் மாசத்துக் கணக்கு. டிசம்பருக்கு அதைக் கொண்டு வரக்கூடாதுன்னு சொன்னா, அத்தை, வீட்டுலயுமா பாடம் எடுப்பீங்கன்னு போர்வையை இழுத்துப் போத்திக்கறா. எனக்கு ஒரு கனா வந்துச்சு. அந்தப் பெட்டி கடல் அளவுக்குப் பெருசாகி, நாலாவது அறையில நம்ம வீடு இருக்கு. உள்ள விளக்கு எரியுது, தோரில் ஜன்னல்ல நிக்கறா, பனி மேல இருந்து கீழ விழாம அப்படியே நடுவுல நிக்குது, ஒரு சத்தமும் இல்ல. கனாவுல பயமே இல்ல, அவ்வளவு அழகா இருந்துச்சு. எழுந்தப்புறம் தூக்கம் வராம விளக்கைப் போட்டுட்டு உக்காந்துட்டேன். எனக்குப் பயமா இருக்குடா ஸ்டைனார். இந்தக் கடிதம் உன் கைக்கு வர்றதுக்குள்ள குழந்தையே வந்துடும்னு தெரியும், ஆனா எழுதினாத்தான் எனக்கு யோசனை வரும், அது உனக்கே தெரியும்.

நகரம், ஆஸ்பத்திரி விடுதி

விட்ட இடத்துல இருந்து எழுதறேன். ஆமா, வந்துட்டோம்! எப்படி வந்தோம்னு கேளு. தபாலை வாங்கிட்டு வரலாம்னு சாக்குச் சொல்லித் தோரிலைத் துறைக்குக் கூட்டிட்டுப் போனேன். பெட்டியைத் திறந்து காமிச்சேன். அவ நாலாவது அறையில கையை விட்டுக் கருப்புக் கல்லா எடுத்து எடுத்து மடியில போட்டுக்கிட்டா, மடி கனத்துப் போச்சு. ஜெயிச்சுட்டோம்னு நினைச்சேன் பாரு, என் புத்தியை என்ன சொல்ல! அவ தலையைத் தூக்காமலே சொன்னா, நூத்துல ஒண்ணோ பத்துல ஒண்ணோ எனக்கு எல்லாம் ஒண்ணுதான் அத்தை, அந்த விடுதியில தனியா உக்காந்து சுவரைப் பாத்துக்கிட்டு நாளைத் தள்ள என்னால முடியாது, போன பிரசவத்துக்கு அவராவது கூட இருந்தாருன்னு. சொல்லிட்டு அழுதா. இத்தனை நாளா நான் படகையும் ஹெலிகாப்டரையும் பத்திப் பேசறேன், இவ என்ன நினைக்கறான்னு ஒரு தடவை கேக்கத் தோணலையே! நான் கூட வரேன்டி, குழந்தை பிறக்கற வரைக்கும் கூடவே இருக்கேன்னு சொன்னேன். பள்ளிக்கூடத்துல லீவு குடுப்பாங்களான்னா. குடுக்காம எங்க போவாங்கன்னேன். அங்க வந்து தினமும் கணக்குப் பாடம் எடுப்பீங்களான்னா. வாயையே திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினேன். அது நடக்க எவ்வளவு வாய்ப்பு அத்தைன்னு கேட்டா பாரு, அழுத மூக்கோட, எனக்குச் சிரிப்பு அடக்க முடியல.

அடுத்த படகுலயே கிளம்பிட்டோம். கடல் அசையவே இல்ல, நாங்கதான் வானத்துல மிதந்து போற மாதிரி இருந்துச்சு. உன்னியை உங்கப்பா பாத்துக்கறார். அவளுக்குச் சடை பின்னத் தெரியாம வலைக்குப் போடற முடிச்சைப் போட்டு விட்டாராம், அவிழ்க்கக் கத்திரிக்கோல் வேண்டியிருந்துச்சாம். ரெண்டு பேரும் மூணு வேளையும் வாஃபிளும் பழுப்புச் சீஸும்தான் சாப்பிடறாங்கன்னு என் காதுல விழுந்துச்சு, கேட்டா உருளைக்கிழங்கு வேக வெச்சேனே, அவதான் தொடலேங்கறார். இங்க எங்க அறை சின்னதுதான், ரெண்டு கட்டில், ஜன்னல்ல யாரோ மாட்டி வெச்சிருக்கற காகித நட்சத்திர விளக்கு. தோரில் பெரும்பாலும் தூங்கறா. நான் பின்னிக்கிட்டே துறைமுகத்து விளக்குகளைப் பாத்துட்டு இருக்கேன். ஒரு விளக்கு எரியறப்போ ஒண்ணு அணையுது, சிலது சேர்ந்து எரியுது. சத்தியம் பண்ணினதால யார்கிட்டயும் எதுவும் சொல்றதில்ல. இவ தூக்கத்துல ஒரு கையை வயித்து மேல வெச்சுக்கறா, இன்னொரு கையைக் கட்டிலுக்கு வெளியில நீட்டிக்கறா, பக்கத்துல யாரோ இருக்கற மாதிரி.

அதே அறை, மறுபடியும்

மடிச்சு வெச்ச கடிதத்தை இன்னைக்குத்தான் திறக்கறேன். தென்மேற்குப் புயல் வந்துச்சு. ஜன்னலுக்கு வெளியில துறைமுகமே காணோம், வெறும் வெள்ளை. உங்கப்பா போன் பண்ணி, படகு கிடையாது, ஹெலிகாப்டர் கிடையாது, உன்னியைத் தூக்கிட்டுத் துறைக்குப் போனேன், அவளே கல்லைப் போட்டாள்னு சொன்னார். கூட உன்னி இல்லேன்னா அழுதிருப்பார். அவர் போனை வெச்சுக் கொஞ்ச நேரத்துல கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்திட்டுத் தோரில் மேஜையைப் பிடிச்சுக்கிட்டா. தாழ்வாரம் வழியா நடந்தே பிரசவ அறைக்குப் போயிட்டோம், குளிர்ச் சட்டை கூடப் போடல. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி பையன் பிறந்துட்டான். யாரும் ஓடல, யாரும் பதறல, டாக்டர் எட்டிப் பாத்துட்டுப் போயிட்டார், எல்லாம் மருத்துவச்சி ஒருத்தியோட கையாலயே முடிஞ்சுது. உன் மூக்கு. அழற அழுகை உங்கப்பா.

தோரில் முகத்தைத் துடைச்சதும் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? இதுக்கு நம்ம வீட்டுலயே பெத்திருக்கலாமே அத்தை, கவலைப்பட ஒண்ணும் இல்லேன்னு உங்க பிள்ளை சொன்னதுதான் சரியாப் போச்சுன்னா. மருத்துவச்சியும் சேர்ந்து சிரிச்சா. நானும் சிரிச்சேன், சிரிச்சுக்கிட்டே அழுதேன். அவ சொல்றதுல தப்பு இல்ல. ஒரு நாள் நடந்ததை வெச்சு நான் சொன்னது சரின்னும் ஆகாது, நீ சொன்னது சரின்னும் ஆகாது. அந்த மாதிரி ஒரு நாள்ல தீவுல கூட இவன் சுகமாப் பிறந்திருப்பான்தான். பிறந்திருக்காமலும் போயிருக்கலாம். அந்தக் குழந்தையைக் கையில வாங்கினப்போ எனக்கு ஜெயிக்கணும்னு தோணவே இல்லடா, கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் காபி குடிச்சுட்டு இருக்கார்ங்கற நிம்மதி மட்டும் போதும்னு இருந்துச்சு.

குழந்தை எத்தனை எடை, யார் ஜாடைங்கறதெல்லாம் ஞாயித்துக்கிழமை போன்ல அவளே சொல்லியிருப்பா. அவ சொல்லாததை நான் சொல்றேன். வலி வர்றப்போ எல்லாம் என் கையைத்தான் நெரிச்சா, ஆனா கூப்பிட்டது என்னை இல்ல. ஒவ்வொரு தடவையும் ஸ்டைனார் ஸ்டைனார்னுதான். நான் என் கையை உன் கையா வெச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். வேலை ஒப்பந்தம் முடியறது மார்ச்சுல, குழந்தை வர்றது டிசம்பர்ல, ரெண்டும் ஒத்து வரல, என்ன பண்றதுன்னு போன மாசம் சொன்னே. கேட்டுக்கோ. காத்து எப்போ அடிக்கும்னு நமக்குத் தெரியாது, மூட்டம் எப்போ இறங்கும்னு தெரியாது. நீ வர்றது அந்த ஜாதியில சேராதுடா. அது உன் கையில இருக்கு. அதுக்கு வாய்ப்பு எவ்வளவுன்னு கணக்குப் போடாதே, டிக்கெட்டைப் போடு.

கடவுள் உன்னைப் பத்திரமாக் கொண்டு வந்து சேக்கட்டும். நீயும் தோரிலும் உன்னியும் இந்தச் சின்னவனும் ஒரே கூரைக்குக் கீழ நிறைஞ்சு இருக்கணும், அம்மாவுக்கு வேற ஆசை இல்ல. ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. தொட்டில் தலைமாட்டுல பேர் எழுத ஒரு அட்டை தொங்குது. என்ன பேர்னு மருத்துவச்சி ரெண்டு தடவை கேட்டுட்டா. இவனோட அப்பா வந்து எழுதுவார்னு தோரில் சொல்லிட்டா.

உன் வரவைப் பாத்துக்கிட்டு இருக்கற,
அம்மா போர்கில்