விடுமுறை நாளில் எண்ணிய தலைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போனில், "ஏய், உங்க ஆபீஸ் போடுற புது ரயிலுக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கிடுச்சாமே! எங்க தெருமுனையில எப்ப வந்து நிக்கும்?" என்று கேட்டாய். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகத்தான் கேட்டது.

உங்கள் நிலையம் இப்போது வரைபடத்தில் இல்லை. செலவைக் குறைத்தால்தான் நிதி என்றது அமைச்சகம். கூட்டம் குறைந்த ஒரு நிலையத்தைத் திட்டத்திலிருந்து நீக்குவதற்காக, நிலையங்கள் வரவிருந்த இடங்களின் பேருந்து நிறுத்தங்களில் ஆட்களை எண்ணினோம். உங்கள் நிறுத்தத்தில் எண்ணியது நான். அன்று அந்தப் பகுதிப் பள்ளிகளுக்கெல்லாம் விடுமுறை. டீச்சரான நீயே அன்று வீட்டில் இருந்து எனக்கு மதியம் சோறு போட்டாய். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பள்ளிக் கூட்டமே இல்லாத நாளில் எண்ணிவிட்டேன் என்பது அறிக்கை போன பிறகுதான் உறைத்தது. மேலதிகாரியிடம் ஓடினேன். "இப்பப் போய் இதைக் கிளறினா மொத்த நிதியும் நின்னுடும்மா. ஒரு ஸ்டேஷன்தானே?" என்றார். அவர்மேல் பழி போட முடியாது. அவர் சொல்லி முடிக்குமுன்பே நான் தலையாட்டிவிட்டேன். சொன்னால் அக்கா வீட்டுக்காகப் பேசுகிறாள் என்பார்களே என்று எனக்கு நானே ஒரு சாக்கும் வைத்துக்கொண்டேன்.

அந்த வலிக்கும் முழங்காலோடு நீ தினமும் இரண்டு பேருந்து மாறுகிறாய்.

தவறை ஒப்புக்கொண்டு அமைச்சகத்துக்கு எழுதிய கடிதம் ஒரு வாரமாக என் பையில் கிடக்கிறது. உனக்குத் தெரிந்துவிட்டால் அதை அனுப்பாமல் இருக்க என்னால் முடியாது. அதனால்தான் முதலில் இதைத் தபாலில் போடுகிறேன்.

உன் தங்கை